விளக்கைப் பார்க்க மறுத்தவர்

மூன்றாவது மாடியில் கோடிங் பிரிவில் வேலை பார்க்கும் கண்ணாடியக்கா, புது நிர்வாக அதிகாரியின் அறைக்குள் போய் ஓவென்று அழுது, அவர் காலில் விழுந்து, பறிபோக இருந்த தன் இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாளாம். எங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது இதுதான் பேச்சு.

நான் இங்கே லிஃப்ட் ஓட்டுகிறவன். ஒரு வதந்தி எந்த மாடியில் எவ்வளவு சதை போடுகிறது என்பது எனக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. தரைத்தளத்தில் கதவு மூடும்போது அக்கா லேசாகக் கண் கலங்கியிருப்பாள். முதல் மாடி வருவதற்குள் விம்ம ஆரம்பித்துவிடுவாள். இரண்டாம் மாடியில் தடாலென்று காலில் விழுவாள். மேலே சலவை அறைக்காரிகள் இறங்குகிற நேரத்தில் அதிகாரியின் ஷூ நனைந்து, சாக்ஸைக் கழற்றிப் பிழிந்து ஜன்னலில் காயப்போட்டிருப்பார்கள்.

வேறு கதையாக இருந்தால் நானும் என் பங்குக்குக் கொஞ்சம் காரம் சேர்த்து அனுப்பியிருப்பேன். வம்பு கேட்காத நாளில் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் இந்தக் கதையைக் கேட்டால் மட்டும் வயிறு எரிகிறது. நடந்தது இதுவல்ல. நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நான் கண்ணால் பார்த்தது, கொஞ்சம் அக்காவின் தங்கை சொன்னது, மிச்சம் லிஃப்டுக்குள் பெரியவர்கள் பேசிக்கொண்டது. லிஃப்ட் ஓட்டுகிறவனுக்குக் காது இருக்கிறது என்று பெரியவர்களுக்கு நினைவே இருக்காது.

அக்கா இந்த ஆஸ்பத்திரிக்குள் முதலில் வந்தது கோப்பு வண்டி தள்ளத்தான். பள்ளிப் படிப்போடு சரி. வண்டியில் போகிற கோப்புகளை யார் படிக்கிறார்கள், எதற்குப் படிக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்து, சாயங்கால வகுப்பில் சேர்ந்து, பரீட்சை எழுதி, வண்டி தள்ளியவள் அதே கோப்புகளை நாற்காலியில் உட்கார்ந்து வாங்குகிறவளாக ஆனாள். அந்த நாற்காலியை யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. அதனால்தான் அதன்மேல் அவளுக்கு அப்படி ஒரு பிடிப்பு.

கோடிங் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவருடைய கோப்பு மூன்றாம் மாடிக்கு வரும். டாக்டர் எழுதியதைப் படித்து, இந்த நோய்க்கு இந்தக் குறியீடு என்று போட வேண்டும். அந்தக் குறியீட்டைத்தான் கோடு என்கிறார்கள். உலகத்தில் உள்ள அத்தனை நோவுக்கும் கோடு உண்டு. ஏணியிலிருந்து விழுந்தால் ஒரு கோடு, கட்டிலிலிருந்து விழுந்தால் வேறு கோடு. இதை அக்கா சொன்ன நாளிலிருந்து, கட்டிலிலிருந்து விழுந்தேன் என்று நொண்டிக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறவர்களை நான் கொஞ்சம் கூர்ந்து பார்ப்பதுண்டு.

இந்த வேலையில் இரண்டு கட்டுப்பாடு. டாக்டர் எழுதாத எதையும் போடக்கூடாது, உனக்கே நன்றாகத் தெரிந்தாலும் போடக்கூடாது. டாக்டர் எழுதியது குழப்பமாக இருந்தால் அவருக்குக் கேள்விச் சீட்டு அனுப்பலாம். ஆனால் கேள்விக்குள் பதிலை வைத்து அனுப்பக்கூடாது. மேலே வலது கால் என்றும் கீழே இடது கால் என்றும் டாக்டர் எழுதியிருந்தால், 'எந்தக் கால்?' என்றுதான் கேட்கலாம். 'இடது கால்தானே டாக்டர்?' என்று கேட்டால் அது வாயில் திணிப்பது. வேலையே போகும்.

அக்காவுக்கு இது ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். வீட்டிலும் அப்படித்தான். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் ஒருநாள் என்னிடம் புலம்பினார்.

"சாப்பாட்டுல உப்பு தூக்கலான்னு கேக்க மாட்டாப்பா. 'சாப்பாடு எப்படி இருக்கு?' அவ்வளவுதான். நான் 'நல்லா இருக்கு'ன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. நானா உப்புன்னு சொல்ற வரைக்கும் மறுநாளும் அதே உப்புதான்."

இனிமேல் கண் விஷயம்.

சில வருஷங்களுக்கு முன்னால் அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் கண் சிவந்து பீளை கட்டியது. ஒருத்தருக்கு வந்து மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும் அந்தக் கண்நோய்தான். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டார்கள். சிவப்பு போனது. மற்றவர்கள் அதை மறந்தே போனார்கள். அக்காவுக்கு மட்டும் அதற்குப் பிறகு வெளிச்சம் ஆகவில்லை. வெயிலில் இறங்கினால் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும் என்பாள். டியூப் லைட்டுக்குக் கீழே நின்றால் இமை தானாக மூடிக்கொள்ளும், மளமளவென்று தண்ணீர் கொட்டும். நிழலுக்கு வந்துவிட்டால் ஒன்றுமில்லை. பார்வை பளிச்சென்று இருக்கும். பொடி எழுத்தை என்னைவிட நன்றாகப் படிப்பாள்.

கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்துத்தான் இப்படி என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டாள். தலைக்கு மேலிருந்த டியூப் லைட்டை ஆஸ்பத்திரி எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிக் கழற்ற வைத்தாள். கம்ப்யூட்டர் திரையை மங்கலாக்கிக்கொண்டாள். வேலை ஓடியது. வீட்டில் புருஷன் குட்டி பல்பாக மாட்டிவிட்டார். அக்கம்பக்கத்தில், கரண்டுக்குக் கணக்குப் பார்க்கும் கஞ்சக் குடும்பம் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

அப்புறம்தான் புது நிர்வாக அதிகாரி வந்தார். வந்த கையோடு மூன்றாம் மாடியின் கூரையை மாற்றினார். பழைய டியூப் லைட் எல்லாம் போய், கூரை முழுக்க வெள்ளைப் பலகை விளக்கு. பிணவறைகூட அவ்வளவு வெளிச்சமாக இருக்காது. வாசலில் முகத்தைப் பார்த்து வருகை போடும் பெட்டி ஒன்றும் வைத்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட முகத்தை அந்தப் பெட்டிக்கு அடையாளம் தெரியவில்லை. அக்கா கண்ணாடியைக் கழற்றினால் கண்ணை மூடிக்கொள்வாள், மூடிய கண்ணையும் அதற்குத் தெரியவில்லை. பெட்டிக் கணக்குப்படி அக்கா வேலைக்கே வருவதில்லை.

அதிகாரி கோடிங் அறையைச் சுற்றிப் பார்த்தார். அக்காவின் நாற்காலிக்கு முன்னால் நின்றார்.

"இந்தம்மா தூங்குறாங்களா, வேலை செய்யுறாங்களா? எப்படித் தெரியும் நமக்கு?"

அக்கா எழுந்து, "முடிச்ச ஃபைலைப் பாத்தாத் தெரியும் சார்" என்றாள்.

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. உத்தரவு வந்தது. வேலை நேரத்தில் கறுப்புக் கண்ணாடி கூடாது. நோய் இருக்கிறதென்றால், டாக்டர் எழுதி, முறைப்படி கோடு போட்ட காகிதம் வர வேண்டும். வராவிட்டால் முன்வாசல் விசாரணை மேஜைக்கு மாற்றல். முன்வாசல் மேஜை எப்படிப்பட்டது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்று பக்கமும் கண்ணாடிச் சுவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் நேராக மேஜைமேல் படுத்திருக்கும். அங்கே சிரித்த முகமாக உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டும். அக்காவை அங்கே உட்கார வைப்பது, நீந்தத் தெரியாதவனைக் கிணற்றுக்குக் காவல் போட்டு உள்ளேயே இறக்கிவிடுகிற மாதிரி. அவள் தானாக வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

"அதுக்கென்னக்கா, நம்ம ஆஸ்பத்திரியிலயே கண் டாக்டர் இருக்காரு, போய்க் காட்டிட்டு வாங்க" என்றேன் நான்.

போனாள். போய் என்ன செய்தாள் தெரியுமா? சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

டாக்டர் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆபீஸ்ல பேப்பர் கேக்கிறாங்க டாக்டர்."

"பார்வை எப்படி?"

"நல்லாத் தெரியுது."

"தலைவலி?"

"இல்ல."

"சிவப்பு, பீளை?"

"இப்ப இல்ல."

"சரி, போலாம்."

அக்கா எழுந்து வந்துவிட்டாள்! வெளிச்சம் ஆகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அவர் கேட்கவில்லை. அவராகக் கேட்பார், கேட்டதும் சொல்லலாம் என்று காத்திருந்திருக்கிறாள். கேள்விச் சீட்டு எழுதி எழுதிப் பழகிய புத்தி. ஊரில் இருக்கும் அத்தனை நோயாளியும் டாக்டரிடம் போய் நோயின் பெயரோடு மருந்தின் பெயரையும் சேர்த்துச் சொல்கிற காலத்தில், இவள் ஒருத்தி டாக்டர் வாயில் திணிக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். இப்படி ஒரு தப்பைக் கோடிங்காரியைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது.

ஆனால் ஒன்று. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருத்தி கண் டாக்டர் முன்னால் வந்து உட்காருகிறாள். அறைக்குள், கதவு மூடியிருக்கும்போது. ஏனம்மா இது என்று கேட்கத் தோன்றவில்லையே அந்த மனுஷனுக்கு? காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவனிடம் பசி எப்படி என்று கேட்டு அனுப்புகிற வைத்தியம் இது.

அவர் எழுதியது: 'குறை ஏதும் இல்லை. சான்றிதழ் கேட்டு வந்தார்.'

தன் கோப்பைத் தானே திறக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் அக்காவின் கோப்பு பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் போனது. அக்காவே வேலை கற்றுக்கொடுத்த பெண். அந்தப் பெண் கோடு போட்டாள். நோய் எதுவும் இல்லாமல் சான்றிதழுக்காக மட்டும் வருகிறவர்களுக்கென்று ஒரு கோடு உண்டாம். அதைப் போட்டாள்.

பணியாளர் பிரிவு குமாஸ்தா அக்காவைக் கூப்பிட்டு, நாலு பேர் முன்னால், "என்னம்மா, சும்மா சர்டிபிகேட் வாங்கப் போனியாமே, உன் ஆளுங்களே கோடு போட்டிருக்காங்க" என்று சிரித்தானாம்.

அக்கா மேலே வந்தாள். பின்னாலேயே நானும் ஏதோ வேலை இருக்கிற மாதிரி கோடிங் அறை வாசலில் நின்றேன். அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். கண்ணில் நீர்.

"அக்கா, எனக்குத் தெரியும்க்கா உங்களுக்குக் கண்ணு எப்படின்னு. தினமும் பாக்கிறேனே. ஆனா டாக்டர் எழுதினதைத்தானேக்கா போட முடியும்? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க!"

அக்கா தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரியாத்தான் போட்டிருக்கே. உக்காரு" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் லிஃப்ட் கதவை உதைத்தேன். அது என்ன செய்யும் பாவம்.

வீட்டில் அன்றைக்குப் பெரிய ரகளை. அக்காவின் தங்கை அவர்களோடுதான் இருக்கிறாள். வாடகைக் கார் ஓட்டுகிறாள். ஹாரனைவிட வாய் நீளம்.

"கேக்கலைன்னு சொல்லாம வந்தியா? நீ என்ன சாட்சிக் கூண்டுலயா நின்னே?"

"நானா சொன்னா அவரு வாயில திணிச்ச மாதிரி ஆயிடும்டி."

"அவரு வாயில திணிக்கக் கூடாது, சரி. உன் வாயில யாரு மண்ணைத் திணிச்சா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்கா புரியாது? வண்டியில ஏர்றவன் 'எங்க போகணும்'னு நான் கேக்கிற வரைக்கும் பேசாம உக்காந்திருந்தா, அவனை நான் என்ன சொல்வேன்? மாமா, நீங்களாவது சொல்லுங்க!"

புருஷன் தலையைத் தூக்காமல், "உப்பு விஷயத்துலயே என்னால முடியல" என்றாராம்.

மறுபடி போனார்கள். இந்த முறை தங்கை கூடப் போனாள். வேறொரு இளம் டாக்டர் இருந்தார். கம்ப்யூட்டரைத் திறந்ததும் பழைய வரிதான் முதலில் வந்தது. இந்த ஆஸ்பத்திரியில் ஒருமுறை எழுதிவிட்டால் அது தானாகவே அடுத்த முறைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும், தட்டிவிட்டால் போதும்.

"சர்டிபிகேட்டுக்கா?" என்றார்.

"வெளிச்சம் பாக்க முடியல டாக்டர்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டாள். சொல்வதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டதாம்.

"போன தடவை சொல்லலையே?"

"அவரு கேக்கல."

"ஓ. இப்ப மட்டும் வருதா?"

தங்கைக்குப் பல் நறநறவென்றது. டாக்டர் கண் பார்க்கும் மெஷினுக்கு அனுப்பினார். மோவாயை வைத்து, நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார வேண்டும். எதிரிலிருந்து கத்தி மாதிரி ஒரு வெளிச்சம் கண்ணுக்குள் பாயும். அங்கே இருந்த உதவி டாக்டர் விளக்கைப் போட்டதும் அக்காவின் இமை இரண்டும் ஒட்டிக்கொண்டன. தண்ணீர் கன்னத்தில் இறங்கி மெஷின்மேல் சொட்டியது.

"கண்ணைத் திறங்கம்மா."

"முடியல சார்."

"திறந்தாத்தானே பாக்க முடியும்?"

"லைட்டைக் கொஞ்சம் குறைச்சா முயற்சி பண்றேன்."

"குறைச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

தங்கை குறுக்கே போய், "சார், அதுதான் சார் அவளுக்கு நோயே!" என்று கத்தினாள்.

"நீங்க வெளியில நில்லுங்க. அவங்க கோஆபரேட் பண்ணலைன்னா நான் என்ன செய்ய?"

உட்கார்ந்து தட்டினார். 'நோயாளி ஒத்துழைக்கவில்லை. விளக்கைப் பார்க்க மறுத்தார். பரிசோதனை முடியவில்லை.'

மறுத்தார்! இந்த வார்த்தையை என்னிடம் தங்கை சொன்னபோது எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மூச்சு விட முடியாதவன் மூச்சு விட மறுத்தான் என்று எழுதுவார்களா? ஒடிந்த காலோடு வந்தவனை ஓடிக்காட்டு என்று சொல்லி, ஓட மறுத்தான் என்று எழுதுவார்களா? வெளிச்சம் பார்க்க முடியவில்லை என்று வந்தவளைப் பார்த்து, வெளிச்சம் பார்க்க மறுத்தாள் என்று எழுத இவர்களுக்குக் கை கூசவில்லை. படித்த படிப்பில் கண்ணைப் பற்றி எல்லாம் இருந்திருக்கும். கண்ணுக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது மட்டும் இல்லை போலிருக்கிறது.

அந்தக் கோப்பும் பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம்தான் வந்தது. மெஷினுக்கு அனுப்பிய இளம் டாக்டர் 'வெளிச்சம் கூசுவதாகச் சொல்கிறார்' என்று எழுதியிருந்ததால், கண் கூச்சத்துக்கு உரிய கோடு போட முடிந்தது. அந்தப் பெண் அன்றைக்குச் சிரித்த முகமாக லிஃப்டில் வந்தாள். சாயங்காலத்துக்குள் அந்தச் சிரிப்பையும் குமாஸ்தா துடைத்துவிட்டான்.

"இது நோய் இல்லம்மா, அறிகுறி. உத்தரவுல நோய்னுதான் போட்டிருக்கு. காய்ச்சல் மாதிரி இதுவும் ஏதோ ஒண்ணோட அடையாளம். எதோட அடையாளம்னு டாக்டர் எழுதணும்."

"டாக்டர் எழுதணும்னா பாக்கணும். பாக்கணும்னா லைட் போடாம பாக்கணும்" என்றாள் அக்கா.

"அதை நீ டாக்டர்கிட்ட சொல்லு. நீதான் ஒத்துழைக்கலைன்னு இருக்கே இங்க."

அவனவன் தன் கதவை மட்டும் சரியாகப் பூட்டிவிட்டான். எந்தக் கதவைத் தட்டினாலும் சாவி அடுத்த அறையில். ஆளாளுக்கு அக்காவுக்கு யோசனை சொன்னார்கள். ஒற்றைத் தலைவலி என்று யாராவது தெரிந்த டாக்டரிடம் எழுதி வாங்கிவிடு, அதற்கும் வெளிச்சம் ஆகாது, யார் போய்த் தலையைப் பிளந்து பார்க்கப் போகிறார்கள் என்றார்கள். நானும் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் பெயரையும் சொன்னேன்.

"எனக்குத் தலை வலிக்கலையே தம்பி" என்றாள்.

"வலிச்சா மாதிரி வச்சுக்கங்கக்கா."

"அப்படி எழுதிட்டு வர்ற ஃபைலை எல்லாம் இத்தனை வருஷமா திருப்பி அனுப்பினவ நான். என்னோடதை மட்டும் எந்த முகத்தோட உள்ள வாங்கச் சொல்லுவேன்?"

லிஃப்ட் பொத்தானை அமுக்கினேன்.

அக்காவின் மாற்றலை முடிவு செய்யும் குழு கூடும் நாள் வந்தது. நிர்வாக அதிகாரி, குமாஸ்தா, குழுவில் ஒரு டாக்டர் இருக்க வேண்டும் என்பதற்காக எலும்பு டாக்டர் ஒருவர். கண் விஷயத்துக்கு எலும்பு டாக்டர்! கேட்டால், அன்றைக்கு ஓய்வாக இருந்தவர் அவர்தானாம். தங்கையும் நானும் அறைக்கு வெளியே நின்றோம். அந்த அறையிலும் அதே வெள்ளைக் கூரை. அக்கா வாசலில் நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"எல்லாத்தையும் சொல்லிடு. கேக்கலைன்னாலும் சொல்லு" என்றாள் தங்கை.

"பாக்கலாம்."

"பாக்கலாம் கீக்கலாம்னு சொன்னே, உள்ள நான் வந்துடுவேன்."

கதவு மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அதிகாரியின் குரல், "கண்ணாடியைக் கழட்டிட்டுப் பேசுங்கம்மா, முகத்தைப் பாத்துப் பேசணும்ல" என்று. அப்புறம் நாற்காலி நகரும் சத்தம். அந்த நேரம் பார்த்து டீ கொண்டு போகிற ஆள் தட்டோடு வந்து கதவைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்று, தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான்.

"அண்ணே, அக்கா தரையில மண்டி போட்டிருக்குண்ணே! கண்ணுல ஆறா ஓடுது! அதிகாரி கால்கிட்ட!"

சொன்னவன் நிற்கவில்லை. படியில் தாவித் தாவிக் கீழே ஓடினான். வதந்தியின் பிறந்த நேரமும் பிறந்த இடமும் இதுதான், நானே சாட்சி.

தங்கை கதவைத் தள்ளப் போனாள். அதற்குள் எலும்பு டாக்டரே வெளியே வந்து, ஃபோனில் கண் பிரிவுத் தலைமை டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். "நீங்களே வரணும். ஆமா, நீங்களே. இல்ல, அவங்களை அனுப்பாதீங்க, போதும் அவங்க பாத்தது."

உள்ளே நடந்ததை எலும்பு டாக்டர் பிறகு லிஃப்டில் வேறொரு டாக்டரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். விளக்கைப் பார்க்க ஏன் மறுத்தீர்கள் என்று அதிகாரி கேட்டாராம். அக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாளாம். கண் இறுக மூடிக்கொண்டது, தண்ணீர் கொட்டியது. எலும்பு டாக்டர் பக்கம் முகத்தைத் திருப்பி, "டாக்டர், நான் ஒண்ணும் சொல்லல. நீங்க பாக்கிறதை எழுதுங்க, போதும்" என்றாளாம். அவருக்கு என்னவோ தோன்றி, எழுந்து போய் விளக்கை அணைத்தாராம். இமை மெல்லத் திறந்தது. மறுபடி போட்டார், மூடிக்கொண்டது. அணைத்தார், திறந்தது. பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி அவர் போட்டுப் போட்டு அணைத்திருக்கிறார்.

"எனக்கு எலும்பைத் தவிர ஒண்ணும் தெரியாதுய்யா. எனக்கே தெரிஞ்சுது" என்றார்.

இதற்கு நடுவில், அக்கா தரையில் மண்டி போட்ட விஷயம் வந்தபோது மட்டும் அவர் இருமிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

தலைமை டாக்டரம்மா வந்ததும் அக்காவை இருட்டறைக்குக் கூட்டிப் போனார். கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, விளக்கை மங்கலாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தார். தங்கையும் உள்ளே இருந்தாள். அன்றைக்கு வந்த கண்நோய் போகும்போது கருவிழியில் பொடிப்பொடியாகப் புள்ளிகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. வெளிச்சம் பட்டால் அந்தப் புள்ளிகளில் பட்டுச் சிதறிக் குத்துகிறது. தொடர்ந்து மருந்து போட்டால் நன்றாகவே குறையுமாம். அப்போதே பார்த்திருந்தால் இத்தனை வருஷம் இருட்டில் வாழ வேண்டியிருந்திருக்காதாம்.

"ஏம்மா, இத்தனை நாளா எங்க இருந்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மூணாவது மாடியில டாக்டர்" என்றாள் அக்கா.

கருவிழி நோய் என்று டாக்டரம்மா எழுதினார். பக்கத்து நாற்காலிப் பெண் அதற்குக் கோடு போட்டாள். இப்போது இன்னொரு வேடிக்கை. காரணம் தெரிந்துவிட்டால், அந்த நோயோடு வழக்கமாக வருகிற அறிகுறிக்குத் தனியாகக் கோடு போடக்கூடாதாம். எந்தக் கண் கூச்சத்துக்காக இத்தனை வாசல் ஏறி இறங்கினாளோ, அந்தக் கோடு இந்தக் கோப்பில் இல்லவே இல்லை. எனக்கு இது அநியாயமாகப் பட்டது. அக்கா மட்டும், "அது சரிதான், அதுதான் முறை" என்று தலையாட்டினாள். இவளை வைத்துக்கொண்டு கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் பாருங்கள்!

இடம் கிடைத்தது. தலைக்கு மேலிருந்த வெள்ளைப் பலகை விளக்கை எலெக்ட்ரீஷியன் வந்து கழற்றிவிட்டார். வருகைக்குக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று உத்தரவு. சொட்டு மருந்து வேலை செய்கிறது. மேகம் மூடிய நாளில் கண்ணாடி இல்லாமலே தெருவில் நடக்கிறாள்.

ஆனால் 'சான்றிதழ் கேட்டு வந்தார்' அப்படியே இருக்கிறது. 'விளக்கைப் பார்க்க மறுத்தார்' அப்படியே இருக்கிறது. ஒருமுறை எழுதிக் கையெழுத்துப் போட்டதை அழிக்க முடியாது. எழுதியவரே கீழே திருத்தம் சேர்க்கலாம், அவ்வளவுதான். ஒரே கோப்பில் ஒரு டாக்டர் நோய் என்றும் இன்னொருவர் ஒத்துழைக்கவில்லை என்றும் எழுதியிருப்பது முரண்பாடு என்பதால், பக்கத்து நாற்காலிப் பெண் அந்த உதவி டாக்டருக்கு முறைப்படி கேள்விச் சீட்டு அனுப்பினாள். 'நோயாளி கண்ணைத் திறக்காததற்குக் காரணம் என்ன?' அவ்வளவுதான் கேள்வி. பதில் இன்னும் வரவில்லை. நினைவூட்டல் போயிருக்கிறது, அதற்கும் பதில் இல்லை. அந்த உதவி டாக்டர் இப்போதெல்லாம் லிஃப்டில் ஏறுவதில்லை, படியில் போகிறார். உடம்புக்கு நல்லதுதான்.

அதிகாரியாவது ஒரு வார்த்தை வருத்தம் சொல்வார் என்று பார்த்தேன். அவர் ஊரெல்லாம் பரவிய கதையைக் கேட்டு மறுக்காமல் புன்னகைத்துக்கொண்டு திரிகிறார். அழுத பெண்ணுக்கு இரங்கிய பெரிய மனுஷன் என்று பெயர் கிடைத்தால் கசக்குமா? தப்புச் செய்தவனுக்கு நல்ல பெயர். தப்பே செய்யாதவளுக்கு அழுமூஞ்சிப் பட்டம்.

போன வாரம் லிஃப்டில் கூட்டம். அக்கா ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தாள். சலவை அறைக்கார அம்மா ஒருத்தி, நல்ல எண்ணத்தோடுதான், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகட்டும் விடும்மா. அழுதாலும் காரியம் ஆச்சுல்ல? அவரு கால்லதானே விழுந்தே, என்ன குறைஞ்சு போச்சு?"

லிஃப்டில் இருந்தவர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நான் பொத்தானை அமுக்காமல் நிறுத்தி வைத்தேன். அக்கா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள்.

"யாரு அழுதது? லைட்டை அணைச்சதும் கண்ணுல தண்ணி நின்னு போச்சு. சுவிட்சு போட்டு நிறுத்துற அழுகை உங்க வீட்டுல இருக்காம்மா? கால்லயும் நான் விழல. கழட்டி வச்ச கண்ணாடி மேஜையிலேர்ந்து வழுக்கிக் கீழ போயிடுச்சு. கண்ணைத் திறக்க முடியாம தரையைத் தடவினேன். கையில ஷூ தட்டுப்பட்டுது. அந்த ஆளு என் கண்ணாடியை மிதிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். 'காலை எடுய்யா'ன்னேன். எடுத்தான்."